வேதப் புத்தகத்து நாடா

ரங்கூனில் எங்கள் ஆங்கிலிக்கன் கோயிலில் சம்பளமில்லாமல் ஊழியம் செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். கன்னம் நிறைய, பர்மாப் பெண்கள் அரைத்துப் பூசும் தனக்கா மரப்பட்டைப் பூச்சு. ஞாயிறு பாடம் வரும் பக்கத்தில் வேதப் புத்தகத்தின் சிவப்பு நாடாவை வைத்து, சுருக்கம் போக நீவிவிடுவார்.

எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனாலும் ஆராதனையில் பாடம் வாசிக்க, கோயில் பாதிரியாரான ஐயரிடம் பெயர் கொடுத்தேன். மனைவியை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தேன். ஞாயிறன்று புத்தகத்தைப் பார்த்தபடி கணீரென்று ஒப்பித்தேன்.

வாசலில் அக்கா, "தம்பி, நீங்க சொன்னது அடுத்த வாரப் பாடமுல்ல?" என்றார்.

"ஐயருக்குத் தெரிஞ்சா என் பேரை அடிச்சிருவாருக்கா."

"அவரு கண்ணை மூடியிருந்தாரு. அடுத்த வாரமும் நீங்களே நின்னு இதையே சொல்லுங்க. நாடா பொருந்திரும்."

அப்படியே சொன்னேன். "போன வாரத்தைவிடத் தெளிவு" என்றார் ஐயர். நாடாவை நீவிக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.