டானாங் ஒப்புக்கொள்ள வேண்டும்

அடுத்தவர் எழுதிய கணினி நிரலைப் படிக்கும்போது டானாங்குக்குக் கை சும்மா இருக்காது. கூடையிலிருந்து சலாக் பழத்தை எடுத்து, பாம்புச் சட்டை போன்ற தோலை உரித்துக்கொண்டே இருப்பார். நிரல் நன்றாக இருந்தால் பழம் வாய்க்குப் போகும். மோசமென்றால் மேசையிலேயே கிடந்து காயும். விரல்கள் ‘குப்பை’ என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகத் தட்டிவிடும்.

யோக்யகர்த்தா நகரின் சிறிய மருத்துவமனைகள் பல, அவர் தொடங்கிவைத்த மென்பொருளில்தான் ஓடுகின்றன. விலை கிடையாது, யாரும் எடுத்துத் திருத்தலாம். ஆனால் டானாங் ஒப்புக்கொள்ளாமல் எந்தத் திருத்தமும் உள்ளே ஏறாது. குழந்தையின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று கணக்கிடும் நிரல் அது. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பயந்த ஆள் வாய்க்கு வந்ததைப் பேசுவது எந்த வார்டிலும் நடப்பதுதான்.

அவரோடு சேர்ந்து நிரல் எழுதும் குழுவிலிருந்த வெனிங்குக்கு அந்தப் பயமும் தெரியும், ‘குப்பை’யும் தெரியும். போன வருஷம் அதை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்தாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் குழுவுக்கு நடத்தை விதிகள் எழுதினாள்: யாரையும் இழிவாகப் பேசக் கூடாது; பேசினால் யாரிடம் சொல்வது, அப்புறம் என்ன நடக்கும். அதையும் ஒரு திருத்தமாகவே அனுப்பினாள். ஆகவே அதற்கும் டானாங் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை, வழக்கமான காப்பிக்கடை. டானாங் விதிகளைப் படித்தபடி உரிக்கிறார். பழம் மேசையில் கிடக்கிறது.

“போச்சு,” என்றான் பக்கத்திலிருந்த லுக்மான், அவனும் குழுவில் ஒருவன். “அண்ணன் திங்கலை.”

“இன்னிக்கு இது ஏறலைன்னா நான் கெளம்புறேன். இந்தத் தடவை திரும்பி வர மாட்டேன்,” என்றாள் வெனிங்.

“இதுல ஓட்டை இருக்கு,” என்றார் டானாங்.

“எங்க?”

“புகார் சொல்ல யார்கிட்ட வரணும்னு எழுதியிருக்க?”

“உங்ககிட்டதான். நீங்கதானே இங்க பெரியவரு.”

“அப்ப என்னைப் பத்தியே சொல்லணும்னா? எங்கிட்டயே வந்து அழணுமா? என் பேரை எடு. வேற ரெண்டு பேரைப் போடு. ஒண்ணு நீ.”

“முக்காவாசிப் புகாரு உங்களைப் பத்தித்தானே அண்ணே வரும்!” என்றான் லுக்மான்.

“அதாண்டா சொல்றேன்.” டானாங் சிரிக்கவில்லை.

வெனிங் அங்கேயே மாற்றி அனுப்பினாள். அவர் ஒப்புதல் தட்டிவிட்டு, பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்ததாக ஒரு புதியவரின் திருத்தம் காத்திருந்தது. மருந்துக் கணக்கிலேயே கை வைத்திருந்தார், அதுவும் தப்பாக. டானாங்கின் விரல்கள் பழக்கத்தில் ‘குப்’ வரை போய்விட்டன. நின்றார். அழித்தார். பிறகு வெகுநேரம் தட்டினார். மடிக்கணினியை வெனிங் பக்கம் திருப்பி, “படிச்சுப் பாரு, மனசு நோகுமா?” என்றார். அவள் படித்து முடிக்கும்வரை கூடையைத் தொடாமல், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.