சுண்ணாம்பு பட்ட புதினா

காலடியில் பிடி மண் இல்லாத ஒருத்திக்குச் செடி வளர்க்கும் ஆசை ஏன் வரவேண்டும்? லூர்துமேரியைக் கட்டிக்கொண்ட அருள்சாமிக்கு இந்தக் கேள்வி கடைசிவரை தீரவில்லை. வல்லத்தில் அவள் பிறந்த வீட்டுக்கு நிலமும் கிணறும் உண்டு. அங்கே இருந்தவரை ஒரு மிளகாய் விதைகூட ஊன்றாதவள் என்று அவள் அண்ணனே சொல்லிச் சிரிப்பான். செஞ்சியில், குஞ்சம்மாள் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறைக்குக் குடிவந்த பிறகுதான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றிலோ நான்கிலோ, அது தொடங்கியது.

அறைக்கு வெளியே ஒருக்களித்து நடக்கும் அளவுக்கு ஒரு சந்து. எதிர்ச்சுவரில் மட்டும் காலை வெயில் விழும். முறிந்துபோன மூங்கில் ஏணியை முழம் முழமாக அறுத்து, நெடுக்கில் பிளந்து, அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கயிற்றில் தொங்கவிட்டாள். உச்சியில் தண்ணீர் அதிகம் கேட்காத கற்பூரவள்ளி, நடுவில் கொத்தமல்லி, அடியில் ஈரம் விரும்பும் புதினா. மேலே ஒரு செம்பு ஊற்றினால் கசிந்து கசிந்து அடிவரை வந்து சேரும்.

சுவரும் சேர்ந்து ஊறியது. காரை பொரிந்தது. மார்கழியில் வீட்டுக்காரி குஞ்சம்மாள் வந்து நின்றாள்.

"இன்னா லூர்து, இது செவுரா, கழனியா?"

"வாசனைக்கு ரெண்டு தழைதானே அக்கா."

"உனக்கு வாசனை, எனக்குச் செவுரு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கறதுக்குள்ள எடுத்துடு. இல்லன்னா வேற வூடு பாத்துக்கோ."

லூர்துமேரி அன்று செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. இரண்டு தழைக்கு இத்தனை வாட்டமா என்று அருள்சாமிக்கு முதலில் எரிச்சல்தான். பிறகு அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் குஞ்சம்மாளிடம் போனான்.

"அந்தச் செவுத்த நானே பூசி வெள்ளையடிச்சுத் தரேங்க. செடி இருந்துட்டுப் போவட்டும்."

"ஒழுங்கா அடிப்பியா? இல்ல, மரத்துக்கு அடிக்கிறாப்பல அடிச்சு வைப்பியா?"

அவனுக்கு ரோட்டு வேலை. திண்டிவனம் சாலைப் புளியமரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டையாக அடிப்பவன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்தபோது சுவரை முடித்தான். வாளியில் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. பட்டை அடித்த மரத்தில் எறும்பு, கறையான் அண்டாது. சுண்ணாம்பால் ஒரு புளியமரமும் செத்து அவன் பார்த்ததில்லை. மூங்கில்களின் உள்ளேயும் தண்டுகளைச் சுற்றியும் தாராளமாகப் பூசினான். வெளியே அழகுக்கு ஒரு காவிப் பட்டையும் இழுத்தான்.

திரும்பி வந்தவள் சிரித்துவிட்டாள். "ரோடு வூட்டுக்குள்ள வந்துடுச்சு போல." வழக்கம்போல உச்சியில் ஒரு செம்பு ஊற்றினாள். தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு போனது.

கொத்தமல்லி வெளுத்தது. புதினா கருகியது. கற்பூரவள்ளி கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து அழுகியது.

"என்னைத் திட்டிடு லூர்து."

"புளியமரம் தாங்குது, புதினா தாங்கல. இதுல திட்றதுக்கு இன்னா இருக்குது?"

பொறுமை என்று இதைச் சொன்னால் அதிகம். அவளுக்குக் கோபம் வரவில்லை, அவ்வளவுதான். சுண்ணாம்பில் வெடித்திருந்த அவன் விரல்களை இழுத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

குஞ்சம்மாளுக்கே மனசு கேட்கவில்லை. "கெணத்தாண்ட காலி எடம் கெடக்குது, அங்க நட்டுக்கோ. செவுரும் தப்பிக்கும், நீயும் தப்பிப்ப."

அருள்சாமி எருப் போட்டுக் கொத்திவிட்டான். அவள் சிங்கவரத்துக்காரி ஒருத்தியிடம் புதினாத் தண்டு வாங்கிவந்து அந்தப் பாத்தியில் நட்டாள். அது தளதளவென்று படர்ந்தது. குஞ்சம்மாள் வீட்டுத் துவையலுக்கு அதுவே போதும். லூர்துமேரி மட்டும் அதில் ஒரு தழை கிள்ளியதில்லை.

தனக்கென்று கொஞ்சம் தண்டை ஒதுக்கி வைத்திருந்தாள். சந்தில் இரண்டு கழிகள் நட்டு, ஈரம் சுவரில் படாதபடி ஒரு சாண் தள்ளி, புது மூங்கில்களைக் கட்டத் தொடங்கினாள்.

"அவ்ளோ மண்ணு கெடக்குதே, லூர்து. இன்னும் ஏன் இது?"

"அந்தக் கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க," என்றாள். பிடித்தான். அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.