சாய்த்துப் பிடித்த கண்ணாடி

என் மச்சினன் முதல் தடவை தலையில் முடி நட்டுக்கொண்டபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தேழு வருடமாகச் சலூன் வைத்திருக்கிறேன். தலையைப் பற்றி என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பானாம்? செல்போன் கடைக்கு மேல்மாடியில் ஓர் இடம். வாசலில் சுருட்டை முடிக்காரன் ஒருவன் சிரிக்கிற படம். டாக்டர் என்று ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம், மிச்சத்தை அங்கே வேலை பார்க்கிற இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்களாம். நாலு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாம். 

அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினொரு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறான். அங்கே எல்லோருக்கும் அவன் 'பட்டன்'. செருப்புச் சத்தத்தை வைத்தே யார் எந்த மாடி என்று சொல்லிவிடுவான். திரும்பிப் பார்க்க மாட்டான். நாள் முழுக்க அவன் முகத்துக்கு நேரே இருப்பது பட்டன் பலகையும் எஃகுக் கதவும்தான். ஜனங்கள் நிற்பதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால். தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என் மனைவி. அவனுக்குத் தலைவலி என்றால் இவள் மாத்திரை போட்டுக்கொள்வாள், அப்படி ஒரு பாசம்.

எட்டு மாதத்தில் முடி முளைத்தது. முளைத்த லட்சணத்தை என்னவென்று சொல்ல? நெற்றியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஒரு வரிசை. ஒரு முடி வைக்க வேண்டிய குழியில் மூன்று நான்கைத் திணித்திருந்தார்கள். பிரஷ் நார் போலக் கொத்துக் கொத்தாக நின்றது. ஒவ்வொரு கொத்துக்கும் அடியில் கடுகளவு மேடு, நடுநடுவே வெறும் தோல். 'பொம்மைத் தலை' என்று ஒன்பதாம் மாடியில் யாரோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்று முதல் யூனிஃபார்ம் தொப்பியை அவன் கழற்றவில்லை, சாப்பிடும்போதுகூட.

இது முன்பக்கத்துக் கதை, ஊருக்கே தெரியும். பின்பக்கத்துக் கதை எனக்குத்தான் தெரியும். நடுவதற்கான முடியைப் பின்மண்டையிலிருந்துதான் எடுப்பார்கள். அங்கொன்று இங்கொன்று என்று பரவலாக எடுக்க வேண்டும். அந்தப் புண்ணியவான்கள் கைக்கு எட்டிய இடத்திலேயே தோண்டித் தள்ளியிருந்தார்கள். இரண்டு காதுக்கும் நடுவே பூச்சி அரித்த கம்பளி மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். எடுத்த இடத்தில் இனி ஒன்றும் முளைக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் முதல் தடவை முடி வெட்ட வந்து உட்கார்ந்தபோது என் சீப்பு நடுவழியில் நின்றுவிட்டது.

"என்ன மாமா, நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ள. சீப்புல சிக்கு."

முன்பக்கத்தைப் பார்த்து அவன் ஏற்கெனவே பாதிச் செத்திருந்தான். இதையும் சொல்லி மிச்சத்தையும் கொல்வானேன் என்று நினைத்தேன். வேலை முடிந்ததும் பின்னால் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். நானும் பிடித்தேன், கொஞ்சம் சாய்த்து, கழுத்தோரம் மட்டும் தெரிகிற மாதிரி. "சூப்பர் மாமா" என்றான். அதோடு விட்டேனா? வழுக்கையை மறைக்கக் கடையில் கறுப்பு முடிப்பொடி விற்கிறதே, அதில் ஒரு டப்பா வாங்கி வைத்தேன். தினமும் வேலைக்குப் போகிற வழியில் ஷேவிங்குக்கு வருவான். கழுத்துக்குப் பவுடர் போடுகிற சாக்கில் பின்மண்டையில் அந்தப் பொடியைத் தட்டிவிடுவேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

வீடு சலூனுக்குப் பின்கட்டில்தான். அவன் துணியும் எங்கள் வீட்டில்தான் துவைக்கப்படும். ஒருநாள் என் மனைவி யூனிஃபார்ம் சட்டையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இவன் காலர் மட்டும் ஏன் இப்படிக் கரியா இருக்கு?"

"லிஃப்ட் கிரீஸா இருக்கும்."

"கழுத்துல எப்படிங்க கிரீஸ் வரும்? லிஃப்டைக் கழுத்துல கட்டியா இழுக்கிறான்?"

சிரித்துச் சமாளித்தேன்.  ஆனால் இது நல்லபடியாக முடியாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம்தான் ஏழாம் மாடிப் பெண் வந்தாள். அங்கே ஓர் ஆபீஸில் இரண்டு வருடமாக டெலிபோன் எடுக்கிறவள், வாய்த்துடுக்கு. "எத்தனை நாளைக்குத்தான் ஏழாவது மாடியிலயே இறக்கிவிடுவீங்க?" என்று அவளேதான் பேச்சை ஆரம்பித்திருக்கிறாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. என் மனைவி தரையிலேயே நடக்கவில்லை. இவனுக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது.

"கல்யாணத்தன்னிக்குத் தொப்பி போட்டுக்கிட்டா மாமா உக்காருவேன்? அவ இன்னும் என் தலையப் பாத்ததே இல்ல."

வெளியூரில் ஒரு டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்தான். கெட்டுப்போன முடி நடவைச் சரிசெய்வதில் பெயர் வாங்கியவர். முன்னால் இருக்கிற கொத்துகளை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்துவிட்டு, பின்னாலிருந்து ஒற்றை ஒற்றை முடியாக எடுத்து இயல்பாக நடுவாராம்.

"பின்னால முடி மிச்சம் இருந்தாத்தான் மாமா செய்வாங்களாம். அதுவும் ஒரே தடவை. இது போச்சுன்னா அப்புறம் எந்தக் கொம்பனாலயும் முடியாதுன்னுட்டாங்க. நல்லாத் தலைக்குக் குளிச்சு, எண்ணெய் பவுடர் ஒண்ணும் இல்லாம பின்மண்டைய போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. நீங்கதான் எடுக்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்து குனிந்தான். தலை ஈரம் காய்ந்து சுத்தமாக இருந்தது. என் கை டப்பாவைத் திறந்தது. பழக்கதோஷம், கை தானாகப் போய்விட்டது என்று சொல்லலாம்தான். பாதி உண்மை. உள்ளதை உள்ளபடி எடுத்தால் அந்தப் படத்தை அவன் தன் போனிலேயே பார்ப்பான். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். பொடியைத் தட்டி, சீப்பால் நேர்த்தி செய்து, நாலு படம் எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "பின்னால தாராளமா இருக்காம் மாமா! வரச் சொல்லிட்டாங்க!"

டாக்டர்தானே, நேரில் பார்த்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். துணைக்கு நானே போனேன். ஆபரேஷன் அன்று காலை லாட்ஜ் அறையில் அவனுக்கு ஷேவ் செய்துவிட்டேன். பையிலிருந்து பிரஷ் வெளியே வந்தது. ஆமாம், அன்றைக்கும் தட்டினேன். கடைசி நிமிடத்தில் அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே! அட, என்ன மனுஷன் நான்.

ஒன்பது மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். வரவேற்பறையில் சுவரெல்லாம் தலைகள். சிகிச்சைக்கு முன், பின் என்று ஜோடி ஜோடியாகப் படம். அவற்றைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி வாக்கில் கதவு திறந்தது. டாக்டரம்மா கையில் ஈரப் பஞ்சு ஒன்று இருந்தது, கறுப்பாக.

"போட்டோ எடுத்தது நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"இது என்னங்க?"

பிரஷ் இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"காலையில முன்பக்கத்தைத்தான் பாத்தேன். பின்பக்கத்துக்கு உங்க போட்டோவ நம்பினேன். அது என் தப்பு, அத ஒத்துக்கறேன். முன்னால இருந்த கொத்தையெல்லாம் எடுத்தாச்சு. இப்பப் பின்னால மழிச்சுத் துடைச்சா, உள்ள எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. இருக்கிற கொஞ்சத்தையும் எடுத்தா தோலே செத்துப்போகும். தொழில் தெரிஞ்ச ஆள் நீங்க. உங்களுக்குமா தெரியல?"

தெரியும். எனக்குத்தான் முதல் நாளிலிருந்தே தெரியுமே. அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்த கொத்திலேயே கொஞ்சம் பிரித்து மறுபடி வைத்துப் பார்த்திருப்பதாகவும், பிழைக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பஞ்சை அவனிடமும் காட்டியிருப்பார்கள், என்னை ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பதினெட்டு நாள் சலூன் பக்கமே வரவில்லை. டாக்டரம்மா பயந்தபடியே வைத்ததெல்லாம் வேரோடு உதிர்ந்துவிட்டது என்று என் மனைவிதான் அழுதுகொண்டு வந்து சொன்னாள். டாக்டர் கைராசி சரியில்லை என்று அவரைத் திட்டித் தீர்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கத்தி தீட்டினேன்.

நேற்று மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். முன்னால் சிவப்புச் சிவப்பாகத் தழும்பு, பின்னால் மழித்த தலையில் வெள்ளைப் புள்ளிகள்.

"கண்ணாடியக் காட்டுங்க மாமா. சாய்க்காம புடிங்க."

பிடித்தேன்.  ரொம்ப நேரம் பார்த்தான்.

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே மாப்ள."

"நேத்து அவகிட்டத் தொப்பியக் கழட்டிக் காட்டினேன். பின்பக்கத்தப் பாத்துட்டு, 'இது எனக்குத் தெரிஞ்சதுதானே? ரெண்டு வருஷமா உங்க முதுகுக்குப் பின்னாலதான நிக்கிறேன். தொப்பிக்குக் கீழ காலையில கறுப்பா இருக்கும், சாயங்காலம் புள்ளி தெரியும்'னா. அவளுக்கு அது ஒரு விஷயமாவே படல."

"அப்புறம் என்ன மாப்ள, நல்லதுதானே?" என்று பல்லைக் காட்டினேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

"நல்லதுதான். அவளுக்குத் தெரியும், பதினொரு மாடிக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியும். என் தலை மாமா இது. எனக்கு மட்டும் தெரியல. தெரிஞ்சிருந்தா முன்னால இருந்ததத் தொடவே விட்டிருக்க மாட்டேன். பொம்மைத் தலையோ என்னவோ, அதாவது இருந்திருக்கும்."

தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான். பின்கட்டில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"அக்கா துணி துவைக்கிறாளா?"

"ஆமா."

"என் காலர்ல இப்பல்லாம் கரியே இல்லையேன்னு காலையில துணி எடுக்க வந்தப்ப கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல. மாமாவக் கேளுன்னுட்டேன். நீங்களே சொல்லுங்க."

படியிறங்கிப் போய்விட்டான். போகிற அவன் பின்மண்டை வெயிலில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே குழாய் நின்றது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்றாள் என் மனைவி.

கண்ணாடியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.