ஜின் ஏறிய ராக்கெட்

ஐம்பதுகளில் கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டே நான் ஒரு நாவல் எழுதினேன். பாழடைந்த ஒல்லாந்தர் பங்களாவில் ஒரு ஜின் குடியிருக்கும். அங்கே ராக்கெட் செய்ய ஒரு விஞ்ஞானி வருவார். பேயும் விஞ்ஞானமும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஏழாம் அத்தியாயத்தோடு பேனை நின்றுவிட்டது.

வீட்டுத் தறியில் சாரன் நெய்துகொண்டிருந்த மனைவியிடம் புலம்பினேன்.

"அந்த ஆள்ட மெசின் சத்தத்துல ஜின்னுக்கு நித்திரை வருமா, மச்சான்?" என்று கேட்டாள்.

"நாவலெண்டா விளையாட்டில்ல புள்ள" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

பின்னேரம் வந்து கொப்பியைத் திறந்தால், எட்டாம் அத்தியாயம் அவள் கையெழுத்தில் இருந்தது. விஞ்ஞானி செவ்வாய்க் கிரகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு ரேடியோவைத் திருகுகிறார். பதில் சுவருக்குள்ளிருந்து வருகிறது: "சத்தத்தக் குறை. இல்லாட்டி என்னையும் ஏத்திக்கொண்டு போ."

மறுநாள் தேத்தண்ணிக் கடையில் கூட்டாளிமாருக்கு முழுவதையும் வாசித்தேன். ஏழு அத்தியாயமும் கொட்டாவி விட்டவர்கள், எட்டாவதில் மேசையில் அடித்துச் சிரித்தார்கள்.

"இதுதான்டா எழுத்து! எப்பிடி யோசிச்சாய்?" என்றான் ஒருவன்.

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் அவள் தறியைவிட்டு எழும்பினாள்.

"அப்ப மிச்சத்தையும் நான் எழுதுறன். நீங்க இதுல இரிங்க."

ஒரே மாதத்தில் நாவலை முடித்துவிட்டாள். நான் நெய்த ஒரேயொரு சாரனை உடுக்க அவளுடைய வாப்பாகூடச் சம்மதிக்கவில்லை.