வேர்வை தேடி மலை இறங்கியவர்

கொடைக்கானல் ஏரியில் மரியசெல்வம் துடுப்புப் போட ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அத்தனை துடுப்பையும் ஒரே திசையில் போட்டிருந்தால் ஏரியோடு சேர்த்து ஊரையே இழுத்துக்கொண்டு போய் ராமேஸ்வரத்தில் விட்டிருப்பார். ஆனால் ஒரு நாள்கூட அவருக்கு வேர்த்தது கிடையாது. அந்தக் குளிரில் மூக்குதான் ஒழுகும், வேர்வை எங்கிருந்து வரும்?

இந்த வேர்க்காத விஷயம்தான் பின்னால் அவரைப் படாத பாடு படுத்தியது.

பொங்கல் முடிந்த வாரம், படகுத்துறை சூப்பர்வைசர் படகோட்டிகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரு தாளை வாசித்தார்.

"எம்பத்தஞ்சு கிலோவுக்கு மேல இருக்கிறவங்க இந்த சீசன்ல படகு ஓட்டக் கூடாது. ஏப்ரல் கடைசி சனிக்கிழமை எடை பாப்போம். தாண்டுனவங்க ஜாக்கெட் ரூமுக்குப் போயிரணும். சம்பளம் அதேதான், பயப்படாதீங்க."

சம்பளம் அதே என்றதும் கனத்த ஆட்கள் ரெண்டு பேருக்கு முகம் மலர்ந்தது. நோகாமல் உட்கார்ந்து நனைந்த மிதவை ஜாக்கெட்டைக் கொடியில் போட்டு எடுக்கிற வேலை, யாருக்குக் கசக்கும்? மரியசெல்வத்துக்கு மட்டும் கசந்தது.

காரணம் இருக்கிறது. அவர் மனைவி பிலோமினா இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் ஆக்ஸிலியா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணுவாள். "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" என்று நாலு நிமிடத்தில் முடித்துவிடுவாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு இருப்பது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு வாயை மூடிக்கொள்ளும்.

படகில் அப்படி இல்லை. துடுப்புக்காரர் பயணிகளுக்கு முகம் காட்டித்தான் உட்கார வேண்டும். அரை மணி நேரம் முழுசாக நாலஞ்சு முகம் அவருக்கு எதிரே இருக்கும், ஓடிப்போக வழியில்லாமல். அவர் சொல்வதைக் கேட்டே தீர வேண்டும். இந்த ஏரியில் முன்பு ஒரு மீன் இருந்தது, அது திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் நாலு படகு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று ஆரம்பிப்பார். ஜனம் சிரிக்கும். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வார். ஜாக்கெட் ரூமில் முந்நூறு ஜாக்கெட் தொங்கும். ஒன்றுக்கும் முகம் கிடையாது.

பூண்டு மண்டியில் எடை போடும் மணியனிடம் போனார். மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார்.

"எம்பத்தொம்பதுண்ணே. ஒன்னே முக்கா மூட்டை" என்றான் மணியன்.

"ஏலே, செருப்ப கழட்டலையே."

"செருப்பு நாலு கிலோவாண்ணே?"

எப்படிக் குறைப்பது என்று கேட்டார். மணியனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை.

"வேர்க்கணும்ணே. கொழுப்பு உருகித்தான் வேர்வையா ஊத்தும். ஜிம்முக்குப் போற பயலுகள பாருங்க, பனியன் தொப்பலா நனஞ்சு கெடக்கும். ஒங்களுக்கு என்னைக்காவது அப்படி நனஞ்சிருக்கா?"

மரியசெல்வம் அக்குளைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை உலர்ந்துதான் திரும்பி வந்தது. இருபத்தாறு வருடம் நாம் வேலையே செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்று குக்கர் விசில்கூட அவர் காதில் விழவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ரெண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மேலே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தார். வேர்க்கவில்லை. எதிரே வந்தவர்கள்தான், பாவம் ஜுரம்போல என்று ஒதுங்கிப் போனார்கள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இங்கே வேர்க்காவிட்டால் என்ன, வேர்க்கிற ஊருக்குப் போவோம். வாரத்தில் மூன்று நாள் தன் படகு முறையை ஜெயமுருகன் என்ற இன்னொரு படகோட்டிக்கு விட்டுக்கொடுத்தார். வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டில் இறங்கி, அங்கிருந்து பஸ் மாறி அய்யம்பாளையம் போனார். மருதாநதி அணைக்குப் போகும் ரோட்டில், உச்சி வெயிலில், ஸ்வெட்டரைக் கழற்றாமல் நடந்தார்.

வேர்த்தது. அப்படி இப்படி இல்லை, அன்றைக்கு அணைக்கு நீர்வரத்து கூடியிருக்கும். மருந்துக்கடை வாசலில் ஒரு எடை மெஷின் இருந்தது. நடப்பதற்கு முன்னால் எண்பத்தொன்பது, நடந்த பின்னால் எண்பத்தேழரை. மரியசெல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து சர்பத் கடையில் நாலு கிளாஸ் குடித்தார், ரெண்டு செம்புத் தண்ணீரும் குடித்தார். மலை ஏறி வந்து மணியன் தராசில் நின்றால் மறுபடி எண்பத்தொன்பது. மலைத் தராசு குளிரில் விறைத்துப் போயிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இப்படியே ஐந்து வாரம் ஓடியது. படகை விட்டுக்கொடுத்ததில் எதிரே முகமும் இல்லை. பஸ்ஸில் போய், தனியாக நடந்து, பஸ்ஸில் திரும்பினார். கண்டக்டரிடம் சொல்லும் ஊர்ப் பெயர்தான் சில நாள் அவர் வாயிலிருந்து வந்த மொத்தப் பேச்சு. தராசு தொண்ணூறைத் தொட்டது.

அந்த சர்பத் கடைக்காரி வேலுத்தாய் ஐந்து வாரமாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஒருத்தியாக நிறைந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. இந்த வெயில்ல ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு அணைக்கும் கடைக்கும் நடக்கீகளே, ஏதும் நேர்த்திக்கடனா?"

கேட்டதுதான் தாமதம். மரியசெல்வம் எல்லாவற்றையும் கொட்டினார். ஐந்து வாரம் அடைத்து வைத்த பேச்சு, மதகு திறந்த மாதிரி வந்தது. கேட்டு முடித்து அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"வேர்த்தா எளைக்கும்னா, காலையில இருந்து இந்தத் தகரத்துக்கு அடியில குந்தியிருக்கேனே, நான் இந்நேரம் ஊதுபத்தி கணக்கா இருக்கணும். பாத்தா அப்படியா தெரியுது?"

மரியசெல்வம் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்.

"இதே சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. சுகர் பாக்கிற டாக்டரம்மாட்ட கேட்டேன். இந்தா இந்த மண்பானையப் பாருங்க, வெளிய முத்து முத்தா வேர்க்குது. எதுக்கு? உள்ள குளுரணும்னு. பானை எளைச்சா போச்சு? ஒடம்பும் அப்படித்தான், சூட்டத் தணிக்க வேர்க்குது. கொழுப்பு கரையிறது வேலையில. வேர்த்தாலும் சரி, வேர்க்காட்டியும் சரி. நம்பலேன்னா இப்பக் குடிச்சீகள்ல, போயி ஏறிப் பாருங்க."

ஏறினார். போன வேர்வை சர்பத்தாகத் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்திருந்தது.

"துடுப்புப் போட்டா மூச்சு வாங்குமா?" என்றாள் வேலுத்தாய்.

"வாங்கும்."

"கை கடுக்குமா?"

"கடுக்கும்."

"பசிக்குமா?"

"கரையில நிக்கிற குதிரையக் கண்டா எச்சி ஊறும்மா."

"அப்பறம் என்னண்ணே. அந்த வேலைய எவனுக்கோ குடுத்துட்டு இங்க வந்து தண்ணிய எறக்கி தண்ணிய ஏத்திக்கிட்டு இருக்கீக."

மலை ஏறும் பஸ்ஸில் மரியசெல்வம் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியே வந்தார். வெட்கம் ஒரு பக்கம். இருபத்தாறு வருடம் நாம் உழைத்துத்தான் இருக்கிறோம் என்ற நிம்மதி இன்னொரு பக்கம். அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஜெயமுருகன் பாதி முறையைத்தான் திருப்பிக் கொடுத்தான். மீதிக்கு சூப்பர்வைசரிடம் கெஞ்சி, டிக்கெட் கொடுக்கும் முன்னால் தினமும் ஒரு மணி நேரம் காலிப் படகை எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். ராத்திரிப் பரோட்டா நாலு, ரெண்டாகி, அப்புறம் கோதுமை தோசையானது.

விடிகாலை ஏரியில் பனி மூடிக் கிடக்கும். துடுப்பின் நுனி தெரியாது. மூச்சு வாங்கும், தோள் கடுக்கும், ஒரு சொட்டு வேர்க்காது. எதிரே காலி இருக்கை. ஒரு நாள் அவர் அந்த இருக்கையிடமே மீன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நாலு படகு ஒதுங்கும் இடம் வந்ததும் அவரே சிரித்தார். சிரிப்பு அக்கரைக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்தது. பிலோமினா உட்கார்ந்தால் படகு எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. தன்னையறியாமல் அதற்கு ஏற்றபடி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மணியன் தராசு எண்பத்தெட்டுக்கு வந்தது. பிறகு எண்பத்தாறரை.

"வேர்க்கவே இல்லையேண்ணே, எப்படி?" என்று மணியன் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, படகுத்துறைத் தராசு எண்பத்து நாலு புள்ளி ஆறு காட்டியது. சூப்பர்வைசர் நோட்டில் எழுதிக்கொண்டு, "ம், படகை எடுங்க" என்றார். மரியசெல்வம் கொண்டாடுவதற்கு ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் கயிறு அவிழ்ப்பதில் இருந்தார்கள்.

சீசனின் முதல் சவாரி கரூர்க் குடும்பம், அஞ்சு பேர். மரியசெல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டு மீனை இறக்கினார். அஞ்சு தலையும் அஞ்சு செல்போனுக்குள் இருந்தது. நாலு படகு ஒதுங்கியது, மீன் திரும்பிப் படுத்தது, ஒருத்தரும் நிமிரவில்லை. மூன்று மாதம் பாடுபட்டு மீட்ட இருக்கையில் உட்கார்ந்து அவர் நடு ஏரி வரை துடுப்புப் போட்டார்.

அங்கே செல்போனில் சிக்னல் போனது. அந்த வீட்டம்மா தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, இவ்வளவு தூரம் வந்துட்டோம், உங்களுக்கு ஒரு சொட்டு வேர்க்கலையே. ஈசியான வேலைதான் போல."

மரியசெல்வம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒங்க வீட்ல மண்பானை இருக்கா?"

இன்னும் ரெண்டு தலை நிமிர்ந்தது. அவர் படகைத் திருப்பி, கரைக்குப் போக இருப்பதிலேயே நீளமான சுற்று வழியைப் பிடித்தார்.