தாளில் தம்பியான அண்ணை

சுவிஸின் வின்டர்தூரில், படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வண்டிகளை வாடகைக்கு விடும் இடத்தில், எங்கள் இருவரின் சாரதி அட்டைகளும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அங்கிருந்த பெண் அவற்றை மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூத்தவர் நீங்கள்தானே, உங்கள் பெயரையே பொறுப்பாளராக எழுதுகிறேன் என்று என்னிடம் சொன்னாள். எங்கள் முகங்களை அவள் பார்க்கவில்லை, பிறந்த திகதிகளைத்தான் பார்த்தாள். முழங்கால் வலியால் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்ற அண்ணை, "ஓம், இனி நான் அண்ணை சொல்லுறபடிதான் கேப்பன்" என்று என்னைக் காட்டித் தமிழில் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, நானும் சிரித்து வைத்தேன்.

அண்ணை என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தாளில் மட்டும் மூன்று வயது இளையவர். அந்த ஐந்து ஆண்டுகளைக் குறைத்த பெருமை என்னுடையது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான்தான் சுவிஸுக்கு முதலில் வந்து சேர்ந்தேன். அகதி முகாமில் நாள் முழுக்கக் கதைகள் உலவும். படிக்கிற பெடியன்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பது அந்த மாதத்துக் கதை. யார் சொன்னது, யாரை அனுப்பாமல் விட்டார்கள் என்று எவரும் கேட்டதில்லை. கொழும்பு லொட்ஜ் ஒன்றிலிருந்து அண்ணை தொலைபேசியில் எடுத்தபோது, "இருபத்தொண்டு எண்டு சொல்லுங்கோ, படிக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்று ஏதோ எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன். அவருக்கு அப்போது இருபத்தாறு. வந்து இறங்கி, அகதி விசாரணையில் நான் சொன்னதை அப்படியே சொன்னார். பதினெட்டு மாதம் கழித்து அந்தக் கதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், திகதி மட்டும் நின்றுவிட்டது.

இளமையில் அது பகிடியாகத்தான் இருந்தது. அண்ணையின் பொய்யான பிறந்தநாளுக்கு அவருடைய மகள் கேக் வெட்டுவாள், நாங்கள் கை தட்டுவோம். எனக்கு அறுபத்தைந்தாகி, லா ஷோ-து-ஃபோனில் நான் வேலை செய்த மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பூங்கொத்துக் கொடுத்து அனுப்பிவிட்ட அன்றைக்குத்தான் அது பகிடி இல்லை என்று உறைத்தது. அறுபத்தேழு வயதான அண்ணை, எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் இன்னும் பாத்திரம் தூக்கிக்கொண்டிருந்தார். தாளில் அறுபத்திரண்டுதான் என்பதால், பென்சனுக்கு அவருக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் கிடந்தன. "மணிக்கூடு செய்யிறவனட்டை என்ர காலத்தைக் குடுத்தது என்ர பிழைதான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

கேம்பரில் போகலாம் என்பது அவருடைய யோசனை. ஹோட்டல் மூடிக்கிடக்கும் கார்த்திகை மாதத்தில், பனி வழிக்கத் தேவையில்லாத ஓர் ஊருக்குப் போகவேண்டும் என்றார். ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில், அல்மெரியாவுக்குப் பக்கத்தில், பாலைநிலமும் கைவிட்ட சுரங்க ஊர்களும் இருப்பதாக யாரோ சமையற்காரன் சொல்லியிருந்தான். நான் உடனே சம்மதித்தேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியிலிருந்து அண்ணையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை அவருக்குத் தெரியாமல் எடுப்பித்து வைத்திருந்தேன். வழியில் நல்ல நேரம் பார்த்துக் கொடுத்து, திகதியை மாற்றச் சம்மதிக்கவைத்து, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடவேண்டும் என்பதுதான் அது.

புறப்படும்போது அண்ணை நான்கு சில்லுகளுக்கும் அடியில் நான்கு தேசிக்காய் வைத்தார். வாடகை வண்டிக்கு எதற்கு என்று கேட்டேன். "வண்டி வாடகை, போற உயிர் எங்கடதுதானே" என்றார். வாடகை இடத்துப் பெண் கதவடியில் வந்து நின்று, நசிந்த சாறைக் கண்டு, ஏதோ ஒழுகுகிறது என்று பயந்து குனிந்து பார்த்தாள்.

பிரான்ஸ் வழியாக ஆறு நாள் எடுத்துப் போனோம். லொறிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. அடுப்புக்குக் கிட்டப் போகமாட்டேன் என்று அண்ணை முதல் நாளே சொல்லிவிட்டதால் சமையல் என் தலையில் விழுந்தது. உப்பு, புளி எதைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை, சாப்பிட்ட தட்டை மட்டும் உடனே கழுவி வைப்பார். ஒன்றை அப்போதுதான் கவனித்தேன். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். வண்டிக்குள் மேசையும் இருக்கையும் இருந்தன, வெளியே மடக்குக் கதிரை போட்டிருந்தேன். அவரோ தட்டைக் கையில் ஏந்தியபடி, யாரோ கூப்பிடப்போவதுபோல, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். குசினியில் நாற்பது ஆண்டுகள் அப்படித்தான் சாப்பிட்டாராம். வலிக்கிற காலோடு ஏன் நிற்கிறீர்கள் என்றால், இருந்தால் எழும்பக் கஷ்டம் என்றார்.

அல்மெரியாவுக்கு மேலே நிலம் வெளிறிப் புல்லில்லாமல் கிடந்தது. மழை எப்போதோ அரித்துவிட்டுப் போன பள்ளங்கள், இடையிடையே முட்செடி. அண்ணைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. காலையில் கதவைத் திறந்து வைத்து, "ஒண்டும் செய்யவேண்டாமாம் எண்டு சொல்லுற இடம் தம்பி இது" என்பார். அங்கே போய் நான்காம் நாள் மத்தியானம், தட்டோடு வெளியே போனவர் கதிரையில் இருந்துவிட்டார். மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் சோறு கேட்டார். நான் போட்டேன். எனக்கு அழுகை வந்ததை அவர் காணவில்லை.

அதற்கடுத்த நாள் ஒரு பழைய பொன்சுரங்க ஊருக்குப் போனோம். தொழிலாளர் வீடுகள் கூரையில்லாமல் வரிசையாக நின்றன. குன்றுச் சரிவில் மண்ணைக் கழுவிய வட்டத் தொட்டிகள், அவற்றுக்குக் கீழே ஒரு தகவல் பலகை. பலகையில் சுரங்கக்காரர் சிலரின் படம் இருந்தது. "இவங்களுக்கு என்ன வயசு சொல்லுவாய்?" என்று அண்ணை கேட்டார். அறுபது என்றேன். கீழே எழுதியிருந்ததைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால், ஒருவருக்கும் நாற்பது தாண்டவில்லை. அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு மறுவளம், வயசு கூட, தாளிலை குறைவு" என்றார்.

இதுதான் நேரம் என்று பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து வாசித்தார்.

"அம்மான்ர பேரைப் பிழையா எழுதியிருக்கிறாங்கள்" என்றார் முதலில்.

"இதைக் குடுத்துத் திகதியை மாத்தலாம் அண்ணை. மாத்தினால் உடனயே வேலையை விடலாம்."

"அண்டைக்கு மேசைக்கு முன்னால இருந்து பொய் சொன்னனான் எண்டு நானே எழுதிக் குடுக்கவோ?"

"கனபேர் மாத்தியிருக்கினம்."

"அவை மாத்தட்டும். எனக்குக் குடியுரிமை தந்தது அந்தத் திகதிக்கு. பிள்ளைக்கும் அதாலதான் வந்தது. திரும்ப அந்த ஃபைலைத் திறக்கச் சொல்லி நான் ஒருத்தரையும் கூப்பிடமாட்டன்." தாளை மடித்து என்னிடமே தந்தார். "பிள்ளைக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம். இன்னும் மூண்டு வருசம்தானே."

அந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது என்று ஒரு வழக்கறிஞர் விளக்கியிருக்கக்கூடும். ஆனால் கந்தோர் மேசைக்கு முன்னால் ஒருதரம் நடுங்கியவனுக்குச் சட்டம் சொல்லி விளங்காது. நான் இன்னும் வற்புறுத்தியிருக்கலாம். அவர் மறுத்தபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதியும் வந்தது, அதை மறைக்கக்கூடாது. மாற்றப் போனால் ஏன் குறைத்தீர்கள் என்று கேட்பார்கள், யார் குறைக்கச் சொன்னது என்று வீட்டில் கேட்பார்கள். சான்றிதழைப் பைக்குள் வைத்துவிட்டு, வாங்கோ போவம் என்றேன். இன்னும் எட்டு நாள் அந்த மலைகளுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பினோம். மார்கழியில் ஹோட்டல் திறந்தபோது அண்ணை குசினியில் நின்றார்.

அதற்கடுத்த குளிர்காலத்தில், சீசன் நடுவில், வேலை இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் வின்டர்தூரிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் எடுத்தாள். மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, அறுபத்திமூண்டு எண்டு போடுறன். சரிதானே?" நான் பதில் சொல்லுமுன் அவளே தொடர்ந்தாள். "டொக்டர் சொன்னவர், வயசுக்கு மிஞ்சித் தேஞ்ச உடம்பாம். அந்தக் குசினிதான் அப்பாவை இப்பிடி ஆக்கினது. நான் வேற வேலை தேடிக் குடுத்திருக்கோணும்."

தெரியவேண்டாம் என்று அண்ணை சொன்னதை நினைத்தேன். அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை. அப்பாவுக்கு அறுபத்தெட்டு" என்றேன். வந்த புதிதில் திகதி மாறிய கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

 அவள் வாய்க்குள் ஆண்டுகளைக் கணக்குப் பார்ப்பது கேட்டது.

"அப்ப, மூண்டு வருசத்துக்கு முந்தியே அப்பா வீட்டை இருந்திருக்கலாம்."

"ஓம்."

"வயசைக் குறைக்கச் சொல்லி அப்பாவுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் பிள்ளை" என்றேன்.