சாம்பல் தூவிய கீரை

“குடிவந்து பால் காய்ச்சுன சட்டியக் கூட இன்னும் கழுவல, அதுக்குள்ள என் கொல்லைய மோப்பம் புடிக்கிறியா? இத்தத் தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போற?” என்று பக்கத்துப் போர்ஷன் பெண்ணைக் கடிந்துகொண்டேன். இவ்வளவு மண்ணை வைத்துக்கொண்டு கடையில் ஏன் கீரை வாங்குகிறேன் என்று கேட்டுவிட்டாள். திட்டியும் நகரவில்லை. சொன்னேன்.

எண்ணூரில் இந்த வீட்டுக்குப் பின்னால் முன்பு சிறுகீரைதான், தெருவுக்கே கட்டுக் கட்டி விற்பேன். விடிகாலையில் தண்ணீர் விட்டால் மண் மினுக்கும். நீலம், சிவப்பு, வெள்ளி. புகை மறைத்த நட்சத்திரமெல்லாம் என் பாத்தியில் இறங்கிப் படுத்திருப்பதுபோல் இருக்கும். குப்பைமேட்டிலிருந்து சலித்து வந்த எருவில் கிடந்த பிளாஸ்டிக் தூள் அது. எனக்கென்ன தெரியும்? மண் ஜரிகைப் புடவை கட்டியிருக்கிறது என்று நினைத்து, கால் வைக்கவே கூச்சப்படுவேன்.

பூச்சி வந்தால் அடுப்புச் சாம்பல் தூவுவது என் அம்மா காலத்துப் பழக்கம். கேஸ் வந்தபின் சாம்பலுக்கு எங்கே போவது? நிலக்கரி எரித்துக் கரண்டு எடுக்கிற இடத்துச் சாம்பல் குழாய் உடைந்து, ரோட்டோரம் மேடாகக் கிடந்தது, மாவு மாதிரி மெத்தென்று. தெருவே பக்கெட்டில் அள்ளி வந்தது. சாம்பல் சாம்பல்தானே!

அப்போது என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தினமும் அந்தக் கீரைக் கடைசல் இல்லாமல் சோறு இறங்காது அவளுக்கு. ஒரு மத்தியானம் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, முன்பு சோதனைக்கென்று மண்ணும் கீரையும் எடுத்துப்போன கல்லூரிப் பெண் திரும்பி வந்தாள்.

“பாட்டி, அந்தச் சாம்பல்ல ஈயம், காட்மியம் எல்லாம் இருக்கு. பிளாஸ்டிக் தூள் அதைப் பிடிச்சு வேர்ப்பக்கமே வெச்சுக்குது. கீரையிலயும் ஏறியிருக்கு. வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாது.”

“அப்ப பிளாஸ்டிக்கு ஷேர் ஆட்டோ, ஈயம் சவாரி. கீரையாண்ட எறங்கிக்குதா?” என்றேன். வாய் சிரித்தது; கை மகளின் தட்டைப் பிடுங்கியது.

“யம்மா, ஒரு வாய்…”

“கம்முனு கெட. உள்ள கீற ஆளு ஈயம் பூசின சட்டி மாதிரி வரணுமா?”

சாயங்காலம் கொல்லை முழுவதையும் பிடுங்கினேன். தூங்குகிற பிள்ளை மாதிரிப் பச்சை துவண்டு கிடந்தது. மாட்டுக்குக்கூடப் போடவில்லை. வெறும் மண் கடைசி வெயிலில் மினுக்கியது. கெட்டது என்று தெரிந்தும் அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அதில் சாமந்தி போட்டேன். சாமி பூவைத் தின்னாது, பார்ப்பதோடு சரி.

மறுநாள் காலை தெருப் பெண்கள் வழக்கம்போல் கீரைக்கட்டு வாங்க வந்தார்கள். பூச்சி அரித்துவிட்டது என்ற பொய் நாக்கு நுனிவரை வந்து, மகளின் வயிற்றைப் பார்த்துத் திரும்பிப் போனது. அவர்களிடம் சொன்னது இதுதான்:

“கீரை இல்லடி. நேத்து வரைக்கும் குடுத்ததும் கெட்ட கீரைதான். உங்க வூட்டாண்ட அந்தச் சாம்பலத் தூவியிருந்தா அத்தயும் புடுங்கிப் போடுங்க. என் பொண்ணு ரத்தத்துல ஈயம் ஏறிகீதான்னு பாக்க ஆஸ்பத்திரிக்குப் போறேன், புள்ளைங்கள இட்டுக்கினு நீங்களும் வாங்க. வழியெல்லாம் என்னியத் திட்டிக்கினே வரலாம், பஸ்சுல பொழுது போவும்.”